வேன் ஓட்டியவருக்கு ஓட்டு இல்லை

2013 நவம்பர் 30, ஒரு சனிக்கிழமை. அப்போது எனக்குப் பதினாறு வயது. பெரியப்பா வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று காலையில் அலோர் காஜா பக்கத்திலிருந்து சிலரை ஏற்றிக்கொண்டு ஆயர் குரோவில் இருக்கும் மலாக்கா அனைத்துலக வணிக மையத்துக்குப் போனார். ஏறியவர்கள் எல்லாரும் மஇகா பேராளர்கள். அங்கே கட்சித் தேர்தல். மூன்று உதவித் தலைவர்களையும் இருபத்து மூன்று மத்திய செயலவை உறுப்பினர்களையும் பேராளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நள்ளிரவு தாண்டித்தான் பெரியப்பா வீடு திரும்பினார். மறுநாள் காலையில் கோப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"உள்ள என்னா பேசினாங்க பெரியப்பா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் வேன்லதான படுத்திருந்தேன்."

"நீங்களும் கட்சி மெம்பர்தானே?"

"மெம்பர்தான். பேராளர் இல்லையே. ஓட்டுப் போடறவங்கள நான் ஏத்திட்டுப் போனேன். அவ்வளவுதான்."

அவர் குறையாக எதையும் சொல்லவில்லை. முறை அப்படி, அவ்வளவுதான். கிளை உறுப்பினர் கிளைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார், தொகுதி பேராளர்களை அனுப்பும், பேராளர்கள் துணைத் தலைவரையும் மற்றவர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கிளைத் தலைவர்கள். லட்சக்கணக்கான உறுப்பினர்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கட்சியில், அன்று அந்த மண்டபத்துக்குள் வாக்களித்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பெரியப்பா கார் பார்க்கில் இருந்தார்.

அந்தத் தேர்தல் அதோடு முடியவில்லை. முறைகேடு நடந்ததென்று உறுப்பினர்களிடமிருந்து புகார்கள் போயின. ஒரு வருடம் கழித்து, 2014 டிசம்பர் 5ஆம் தேதி, சங்கப் பதிவிலாகா கடிதம் அனுப்பியது: மலாக்காவில் நடந்த தேர்தலைத் தொண்ணூறு நாளுக்குள் மறுபடி நடத்த வேண்டும். நம்ம ஊர்ப் பெயர் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது அப்படித்தான்.

*

2015 செப்டம்பரில் எனக்குப் பதினெட்டு வயது. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஆரம்பித்திருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் அந்தக் கட்சியின் மாநில மாநாடு. கட்சியின் தேசியக் குழுத் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் மேடையில் பேசுகிறார். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பேசவிடாமல் கத்துகிறார்கள். ஆட்சியைக் கவிழ்க்கவோ யாரையும் பதவி விலகச் சொல்லியோ கத்தவில்லை. "இன்னும் விவாதம் வேண்டும்" என்பதுதான் கோஷம்.

எனக்கு அது புதுசாக இருந்தது. விஷயம் இதுதான். கட்சிக்குள் போட்டியிடும் ஹிலரி கிளிண்டன், பெர்னி சாண்டர்ஸ், மார்ட்டின் ஓமாலி ஆகியோர் ஒருவரோடொருவர் நேருக்கு நேர் வாதிட ஆறு விவாதங்கள் போதும் என்று தலைமை முடிவு செய்திருந்தது. 2008 தேர்தலுக்கு முன் அதே கட்சியில் இருபதுக்கும் மேற்பட்டவை நடந்திருந்தன. இந்தத் தடவை இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: கட்சி அங்கீகரிக்காத விவாதத்தில் கலந்துகொள்பவர் அங்கீகரித்த விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. இருந்த ஆறிலும் ஒன்றை கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இரவில் வைத்தார்கள். அந்த நேரத்தில் யார் டிவி முன்னால் உட்காருவார்கள்? முன்னணியில் இருக்கும் வேட்பாளருக்குச் சிரமம் வரக்கூடாது என்பதற்காகவே இந்த அட்டவணை என்று ஓமாலியும் சாண்டர்ஸ் ஆதரவாளர்களும் குற்றம் சாட்டினார்கள். அழுத்தம் குறையவில்லை. கடைசியில் தலைமை இறங்கி வந்தது. ஒன்பது விவாதங்கள் நடந்தன.

ஒன்பது நடந்ததால் அமெரிக்கா உருப்பட்டுவிட்டது என்று சொல்ல வரவில்லை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சி அதே தேர்தலுக்குப் பன்னிரண்டு விவாதம் நடத்தி டொனால்ட் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. என் கவனம் வேறொன்றில் இருந்தது. ஒரு சாதாரண ஆள், கட்சித் தலைமையைப் பார்த்து, "உன் வேட்பாளர்களைக் கொண்டு வந்து என் முன்னால் நிறுத்து, அவர்கள் பதில் சொல்லட்டும், நான் பார்க்கணும்" என்று எந்தத் தைரியத்தில் கேட்கிறான்? ஒரே காரணம்தான். அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அவன் கையில் இருக்கிறது. அவனுடைய ஓட்டு வேண்டும் என்பதால் தலைமை அவன் சத்தத்துக்குப் பயப்படுகிறது.

அதே 2015இல் நம்மிடம் என்ன நடந்தது? பதிவிலாகாவின் உத்தரவை எதிர்த்துத் தலைவர் பழனிவேல் தரப்பு நீதிமன்றம் போனது. ஜூன் 15ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பத்து நாள் கழித்துப் பதிவிலாகாவிடமிருந்து இன்னொரு கடிதம்: கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனதால், கட்சியின் அமைப்புச் சட்டம் 91ஆவது பிரிவின்படி பழனிவேல் உறுப்பினர் தகுதியையே இழந்துவிட்டார். டாக்டர் சுப்ரமணியம் இடைக்காலத் தலைவரானார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓடிய சொற்கள் "ஆர்ஓஎஸ் கடிதம்", "2009 செயலவை", "தொண்ணூத்தொண்ணாவது பிரிவு". பெரியப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம்.

ஆனால் ஒன்று. இரண்டு தரப்பில் எவர் வந்தால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன செய்வார், தமிழ்ப்பள்ளிக்கு என்ன செய்வார், தோட்டத்தை விற்றபிறகு வீடில்லாமல் நிற்பவருக்கு என்ன செய்வார் என்ற பேச்சு அந்த மேசையில் வரவேயில்லை. கடிதம் யாருக்குச் சாதகம் என்பதுதான் பேச்சு. அமெரிக்க உறுப்பினர் விவாத மேடை கேட்டுக் கத்தினார். நம் உறுப்பினர் பதிவிலாகாவுக்கு மனு எழுதினார். மனு எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இருந்த ஒரே கதவு அதுதான்.

*

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மலாயாவில் ரப்பரை வணிகமாகப் பயிரிட்ட முதல் தோட்டம் நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில். ரப்பர் பரவப் பரவ, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கொண்டு வரக் கங்காணி முறை வளர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அது ஓடியது. கங்காணி ஆள் பிடிப்பவர் மட்டுமில்லை. துரையிடம் நம் சார்பாகப் பேசுபவரும் அவர்தான். நாம் என்ன நினைக்கிறோம் என்பதை நம்மிடம் கேட்காமலேயே துரைக்குச் சொல்லத் தெரிந்தவர்.

1946இல் மஇகா தொடங்கியபோது அது பெரும்பாலும் நகரத்து, ஆங்கிலம் படித்தவர்களின் கட்சி. 1955இல் தேவாசருக்குப் பிறகு சம்பந்தன் தலைவரானதும்தான் தமிழ் கட்சிக்குள் வந்தது, கூடவே தோட்டமும் வந்தது. ஆனால் அதே 1955இல் நடந்த கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தோட்டத்தில் இருந்த பெரும்பாலானவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. ஆக, நம் தோட்டத்து ஆட்கள் பலர் கட்சிக்குள் வந்தது நாட்டின் வாக்காளராக ஆவதற்கு முன்னால். ஓட்டு இல்லாதவனுக்குக் கட்சி என்பது யாரோ ஒருவர் தனக்காகப் போய்ப் பேசும் இடம். கங்காணி போன இடத்தில் கிளைத் தலைவர் வந்து உட்கார்ந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர்களில் நல்லவர்கள் நிறைய பேர். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிக்கூடம், சாவு வீடு என்று ஓடி ஓடி உழைத்தவர்கள். ஆனாலும் அவர் பேசுவார், நாம் கேட்போம்.

போட்டியே இல்லாத கட்சி என்றும் சொல்ல முடியாது. 1977இல் துணைத் தலைவர் பதவிக்கு சாமிவேலுவும் சி. சுப்ரமணியமும் மோதினார்கள், சாமிவேலு வென்றது வெறும் 26 வாக்கில். இரண்டு வருடத்தில் மாணிக்கவாசகம் காலமானார், சாமிவேலு தலைமைக்கு வந்தார். அந்த 26 ஓட்டு அடுத்த முப்பது வருடத்தைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை. 1989இல் அதே இருவர் தலைவர் பதவிக்கே மோதினார்கள், சாமிவேலு வென்றார்.

அந்தச் சண்டையை எங்கள் ஊர் எப்படிக் கேட்டது? பத்திரிகை வழியாக. தமிழ் நேசன் சாமிவேலு குடும்பத்தின் கையில் இருந்தது. பின்னாளில் வந்த மக்கள் ஓசை சுப்ரா பக்கத்துக் குரலாகப் பார்க்கப்பட்டது. தாத்தா சொல்லுவார்: "சாப்பாட்டுக் கடைக்குள்ள போனா, எவன் எந்தப் பேப்பர் கையில வச்சிருக்கான்னு பாத்தாலே போதும், எந்த மேசையில உக்காரணும்னு தெரிஞ்சிரும்." விவாதம் நடந்தது இரண்டு பத்திரிகைகளுக்கு நடுவில். நேசன் படிப்பவர் ஓசையைத் தொட மாட்டார். இரண்டு மனிதர்களும் ஒரே மேடையில் ஏறி, ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி, அதைத் தாத்தா மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வரவில்லை.

மற்ற தடவைகளில் போட்டியே கதவுக்குப் பின்னால் முடிந்தது. 1973இல் சம்பந்தன் விலகி மாணிக்கவாசகம் வந்தபோது பிரதமர் துன் ரசாக் தலையிட வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கழித்து, 2013இல், பழனிவேலுக்கும் டாக்டர் சுப்ரமணியத்துக்கும் நடுவில் தலைவர் பதவிக்குப் போட்டி வரும்போலிருந்தது. பிரதமர் நஜிப் நடுவில் வந்தார். பழனிவேல் இப்போது இருப்பார், 2016இல் சுப்ரமணியத்திடம் ஒப்படைப்பார் என்று ஏற்பாடு ஆனது. போட்டி இல்லை. எல்லாரும் ஒற்றுமை என்று கைதட்டினார்கள். "சண்டை போடாம முடிச்சிட்டாங்க, நல்லதுதானே" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அந்த ஒற்றுமை ஆயர் குரோ வரைக்கும்கூடத் தாங்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

*

நமக்கு வாதிடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காடெக் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் இரண்டாம் நாள் பட்டிமன்றம். மகிழ்ச்சி தருவது கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, பிள்ளைகளுக்கு அதிகம் செய்வது அப்பாவா அம்மாவா. தாத்தா பால்மரம் வெட்டியவர், ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தையைத் தப்ப விடமாட்டார். "தம்பி, நீ முதல்ல சொன்னதுக்கும் இப்ப சொல்றதுக்கும் ஒத்துப்போகலையே" என்று பிடிப்பார். மேடையே சிரிக்கும்.

அதே தாத்தா அதே மண்டபத்தில் வாயடைத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். பொதுத் தேர்தலுக்கு முன்னால் ஒரு வேட்பாளர் வந்தார். மாலை, பொன்னாடை, பேச்சு. கடைசியில் தாத்தா எழுந்து, லயத்து வீடுகளை இடிக்கப் போறாங்களே, மாற்று வீட்டுக்குக் கிராண்ட் எங்கள் பேரில் வருமா என்று கேட்டார். மைக் வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசுங்க, ஒய்பிக்கு அடுத்த புரோகிராம் இருக்கு" என்றார். நாசி பிரியாணி பொட்டலம் வந்தது. தாத்தா உட்கார்ந்துவிட்டார். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. பின்னால் வேறு கட்சிக்காரர்களும் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள். மைக் எப்போதும் வந்தவர்களின் கையில்தான் இருந்தது.

கேட்க இடமில்லாத கேள்வி அழிந்துபோகாது. 2007 நவம்பர் 25ஆம் தேதி ஹிண்ட்ராஃப் அழைப்பில் கோலாலம்பூர்த் தெருவில் இறங்கிய பல்லாயிரம் பேர் கொண்டு போனது, பல வருடமாகக் கட்சிக்குள் கேட்க முடியாமல் போன கேள்விகளைத்தான். நாலு மாதம்கூட ஆகவில்லை. 2008 மார்ச் 8இல் மஇகா போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதியில் மூன்றுதான் மிஞ்சியது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவே டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். உள்ளுக்குள் ஒரு மேடை இருந்திருந்தால் இவ்வளவு கோபம் ஒரே நாளில் கொட்டியிருக்குமா என்று யோசித்திருக்கிறேன்.

என் வேலை பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில். எங்கள் தொழிற்சாலையில் ஒரு லாட் பழுதானால், பொறுப்பான இஞ்சினியர் அறைக்குள் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏன் ஆனது, அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை கேட்பார்கள். மெஷின் ஓட்டும் அக்காவும் கேட்பார். எனக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஐந்தாவது 'ஏன்' இல்லாவிட்டால் அதே பழுது அடுத்த மாதம் திரும்பி வரும். நம் சமூகத்தின் லாட் எத்தனை தடவை பழுதாகியிருக்கிறது? மைக்கா ஹோல்டிங்ஸ் 1984இல் தோட்டத்து ஆட்களிடமும் பங்கு வாங்கச் சொல்லிப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியது. அது என்னவாயிற்று என்று அடுத்தடுத்து ஐந்து 'ஏன்' கேட்க ஓர் அறை இருந்ததா?

*

மற்றவர்கள் கதவைத் திறந்துதான் பார்க்கிறார்கள். 1987இல் மகாதீர் தெங்கு ரசாலியை 761க்கு 718 என்று வென்றபோது, வாக்களித்த பேராளர்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு. தோற்ற தரப்பு வழக்குப் போட, பதிவு செய்யாத கிளைகள் இருந்ததால் அம்னோவே சட்டவிரோதம் என்று 1988இல் தீர்ப்பு வந்தது. அந்தக் கட்சி 2013இல் உயர் பதவிகளுக்கு வாக்களிப்போரின் எண்ணிக்கையை ஏறக்குறைய 146,000 ஆக்கியது. பிகேஆர் 2010இல் உறுப்பினர் எல்லாருக்கும் நேரடி ஓட்டுக் கொடுத்தது. இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. முறைகேடு என்று சொல்லி சைட் இப்ராஹிம் போட்டியிலிருந்து விலகினார். 2025இல் அதே கட்சி மத்தியத் தலைமையைத் தேர்ந்தெடுக்கப் பேராளர் முறைக்குத் திரும்பியது. திறந்த கதவு சத்தம் போடும், அப்புறம் யாராவது பாதியை மூடுவார்கள். ஆனால் ஒரு தடவை திறந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

விவாத மேடையும் அப்படித்தான். 2012 பிப்ரவரி 18இல் மசீச தலைவர் சுவா சொய் லெக்கும் ஜசெகவின் லிம் குவான் எங்கும் மாண்டரினில் நேருக்கு நேர் வாதிட்டார்கள், டிவியில் ஒளிபரப்பானது. சீன வாக்காளர்கள் இரண்டு பேரையும் தங்கள் மொழியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2022 மே 12இல் அன்வாரும் நஜிப்பும் மலாயில் வாதிட்டபோது, டுரியான் துங்கல் மாமாக் கடையில் உட்கார்ந்து நண்பர்களோடு பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய்க்கார அண்ணன் ஒருவர், இரண்டு பேருக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 நவம்பர் 20, மலாக்கா சட்டமன்றத் தேர்தல். நாலு சட்டமன்ற உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த தேர்தல். என் தொகுதி காடெக். 2018இல் ஜசெகவின் சாமிநாதன் வென்ற இடம். இந்தத் தடவை மஇகாவின் சண்முகம் வென்றார். தமிழ் வாக்காளருக்கு முன்னால் இரண்டு தமிழ் வேட்பாளர்கள். கோவிட் காரணமாகக் கூட்டம் போடத் தடை. ஒரு ஸூம் இணைப்பும் இருபது கேள்வியும் போதும், இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். யூடெம்மில் நாலு வருடம் இஞ்சினியரிங் படித்தவன், ஸூமை எப்படித் திறப்பது என்று தெரியாதவன் இல்லை. நண்பர்களிடம் சொன்னேன். "வரமாட்டாங்க டா" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஒரு கடிதம்கூட எழுதவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டேன். இரண்டு பேரின் போஸ்டரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மைக்கை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. நான் கேட்கவேயில்லை.

கட்சிக்குள் யாருக்கு ஓட்டு என்பதை வெளியே இருக்கும் நான் மாற்ற முடியாது. அது பெரியப்பா போன்றவர்கள் கேட்டுப் பெற வேண்டியது. ஆனால் பொதுத் தேர்தலில் என் ஓட்டு என்னிடம்தான் இருக்கிறது. மான்செஸ்டரில் கத்தியவர்களிடம் இருந்த அதே ஆயுதம். நம் தொகுதியில் நிற்க வருபவர் யாராக இருந்தாலும், எந்தக் கொடியாக இருந்தாலும், மற்றவரோடு ஒரே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழில் பதில் சொன்னால்தான் பேச்சு என்று இருநூறு பேர் சேர்ந்து சொன்னால், அதைத் தள்ளிவிடுவது எந்தக் கட்சிக்கும் சுலபமில்லை. வராதவரின் நாற்காலியைக் காலியாகவே போட்டு வைக்கலாம்.

2021இல் அமைந்த சட்டமன்றத்துக்கு ஐந்தாண்டு ஆகப்போகிறது. இந்தத் தடவை கடிதங்களை எழுதி வைத்துவிட்டேன், மூன்று கட்சிகளுக்கும் ஒரே கடிதம். தாத்தா கேட்ட கிராண்ட் கேள்விதான் முதல் கேள்வி. அவர் இப்போது இல்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆளுங்கள ஏத்திட்டு வர வேன் வேணும்ல?" என்றார்.

"வேணும் பெரியப்பா."

"ஓட்டறேன். ஆனா இந்தத் தடவ வண்டிய பூட்டிட்டு நானும் உள்ள வந்து உக்காருவேன்."